மறுபூஜை ஆகாத மூலை

பெங்களூர் சிவாஜிநகரில் ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், ஆய்வகக் கண்ணாடிச் சாமான் விற்கும் பழனிச்சாமி சயின்டிஃபிக்ஸ் அலுவலகத்தின் ஈசானிய மூலையில் மட்டும் பத்து வருஷத்துக்கு மேலாக சரஸ்வதி பூஜை முடியவில்லை. அலுவலகத்தின் மற்ற இடங்களில் நாள் வழக்கம்போல் மாறிக்கொண்டிருந்தது. அந்த மூலையில் மட்டும் ஓர் அக்டோபர் மாதத்து வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. செவ்வந்தி மாலை வாடவில்லை. பொரி நமுக்கவில்லை. சுண்டல் எடுக்க எடுக்கக் குறையாமல் சூடாக இருந்தது. அதனால் கூரியர்காரர்கள் அந்தக் கட்டடத்தில் இந்த ஒரு அலுவலகத்துக்கு மட்டும் பார்சலை மாடி ஏறிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஜன்னல் வழியாக விழுந்த வெயில், வெளியே மழை கொட்டினாலும், தரையில் சதுரமாகக் கிடந்தது. விற்பனைப் பிரதிநிதி ரவிக்குமார் மழைக்காலத்தில் தன் குடையையும் காலுறையையும் அதில்தான் காயவைத்தார்.

அது இப்படி நேர்ந்தது. அந்த வருஷம் பூஜை போட்டவர் ருக்மிணி, அப்போது அங்கே கணக்கெழுதியவர். சரஸ்வதி படத்துக்கு முன்னால் பில் புத்தகங்கள், கால்குலேட்டர், மடக்கைப் பட்டியல், கண்ணாடிக் குடுவைகளின் விலைப் பட்டியல், கம்ப்யூட்டரோடு வந்த நீல உறை போட்ட டிஸ்க் எல்லாவற்றையும் அடுக்கி, மேலே ரவிக்குமாரின் பைக் சாவியையும் வைத்து, எல்லாவற்றுக்கும் மஞ்சள் குங்குமம் இட்டார். மறுநாள் வந்து மறுபூஜை செய்து, ஒவ்வொரு புத்தகத்திலும் இரண்டு வரி படித்துவிட்டு எடுக்க வேண்டும். மறுநாள் ஊரில் பந்த். பஸ் ஓடவில்லை. அதற்கடுத்து இரண்டாம் சனி, ஞாயிறு. திங்கட்கிழமையிலிருந்து ருக்மிணிக்குக் கல்யாண விடுப்பு. முதலாளி செய்திருப்பார் என்று ருக்மிணி நினைத்தார். ருக்மிணி செய்திருப்பார் என்று முதலாளி பழனிச்சாமி நினைத்தார். பூஜை புனஸ்காரம் நம் வேலை இல்லை என்று ரவிக்குமார் நினைத்தார். தீபாவளிக்குப் போனஸ் கொடுக்கும்போதுதான் அங்கே இருந்த வாழைப்பழம் கறுக்கவில்லை என்பதை யாரோ கவனித்தார்கள். அல்சூரிலிருந்து ஓர் ஐயரைக் கூட்டிவந்து காட்டினார்கள். மறுபூஜையை மறுநாள்தான் செய்ய வேண்டும், இங்கே மறுநாள் இன்னும் வரவில்லை, பூஜை போட்ட கையே வந்து எடுத்தால்தான் நாள் நகரும் என்று அவர் சொன்னார். போகும்போது சுண்டல் கட்டிக்கொண்டு போனார். ருக்மிணி கல்யாணமாகி கே.ஆர்.புரம் போய்விட்டார். அவசரம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த மூலைக்குள் எந்தக் கருவியும் வேலை செய்யாது, ஏனென்றால் அங்கே ஆயுத பூஜை. பேனா எழுதாது. செல்போன் அணைந்துவிடும். இதை அறிந்த பழனிச்சாமி, கடைசி வரைக்கும், பேச விரும்பாத ஆட்கள் கூப்பிடும் நேரங்களில் அங்கே போய் நின்றுகொள்வார். பூஜையில் வைத்த சாமான்களை வெளியே எடுக்கலாம், ஆனால் அவை தங்காது. ரவிக்குமார் பைக் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினால், படி முடிவதற்குள் பை காலியாகிவிடும், சாவி மேலே புதுக் குங்குமத்தோடு இருக்கும். அவர் வேறு சாவி செய்துகொண்டார். பெருக்கித் துடைக்கும் சந்திரம்மாவுக்குத்தான் அந்த மூலையால் அதிக லாபம். அவருடைய வலது முழங்கால் பிற்பாடுதான் தேய்ந்தது. மூலைக்குள் அது அந்த வருஷத்து முழங்கால். வெளியே கட்டிலில்கூடக் கைபிடித்து உட்காருகிறவர், மத்தியானம் அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கீரையும் ஆய்ந்துவிட்டு, தானே எழுந்து வருவார்.

வித்யாலட்சுமி இந்த வேலைக்கு வந்தபோது இதெல்லாம் பழைய செய்தியாகியிருந்தது. பழனிச்சாமி காலமாகி, வைட்ஃபீல்டில் இருந்த மகன் ஹரிஷ்குமார் பொறுப்பேற்றிருந்தார். வித்யா திருப்பத்தூரில் இயற்பியல் படித்தவள். யாரிடமும் பேச வராது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடப்பவள். கல்லூரிகளுக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கும் மின்னஞ்சல் எழுத ஆள் தேவை, பேச வேண்டியதில்லை என்று விளம்பரத்தில் இருந்ததைப் பார்த்துத்தான் பெங்களூருக்கே வந்தாள். அப்படி ஒரு வேலை இந்த ஊரில் இன்னொன்று இருக்கும் என்று அவள் நம்பவில்லை. ஒருமுறை ஆள் இல்லாத நேரத்தில் அவளை போனில் உட்காரவைத்தார்கள். தும்கூர் கல்லூரி முதல்வர் ஒருவர் ஹலோ ஹலோ என்று சொல்லிக்கொண்டே இருந்து, பிறகு கவலைப்பட்டு, அம்மா உங்களுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா என்று கேட்டார். வித்யாவுக்கு அன்று சாயங்காலம் காய்ச்சல் வந்தது.

ஒரே குறை, அவளுக்கு இங்கிலீஷில் எழுத்துப்பிழை வரும். அலுவலகத்தில் இருந்தது பழைய கம்ப்யூட்டர், அதில் பழைய மின்னஞ்சல் நிரல். இருபது வருஷத்துக் கடிதப் போக்குவரத்து முழுக்க அதற்குள் இருந்ததால் அதை மாற்றக் கூடாது என்று பழனிச்சாமி சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதில் பிழை பார்க்க ஒரு பட்டன் இருந்தது.

"ஸ்பெல்செக் போடுங்கன்னு எத்தனை தடவ சொல்றது, வித்யா? மேல ஒரு பட்டன் இருக்குல்ல?" என்றார் ஹரிஷ்குமார்.

"இருக்கு சார். அமுங்கல."

"அமுங்கலன்னா?"

"சாம்பல் கலர்ல இருக்கு சார்."

அவர் வந்து தானே அமுக்கிப் பார்த்தார். அமுங்கவில்லை. "பி.எஸ்சி. படிச்சிருக்கீங்க, ஒரு பட்டன அமுக்கத் தெரியல" என்று சொல்லிவிட்டு, அது அவருக்கும் பொருந்துவதைக் கவனிக்காமல் போய்விட்டார்.

வித்யா தன் செல்போனில் தட்டிப் பிழை திருத்தி, அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடித்தாள். அடிக்கும்போது புதுப் பிழைகள் வந்தன. இணையத்தில் தேடினாள். அவளைப்போலவே சாம்பல் பட்டனோடு மாட்டிக்கொண்டவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள், எல்லாரும் பல வருஷங்களுக்கு முன்னால் கேட்டுவிட்டுக் காணாமல் போயிருந்தார்கள். பதில் சொன்னவர்களில் ஒருவர், இன்ன கோப்பை இறக்கி இன்ன இடத்தில் வையுங்கள் என்று எழுதியிருந்தார். பிரவுசிங் சென்டரில் பென் டிரைவில் பிடித்துவந்து வைத்தாள். பட்டன் உயிர் பெற்றது. அமுக்கினாள். அது முதல் சொல்லிலேயே நின்றது, இரண்டாவதிலும் நின்றது, எல்லாவற்றிலும் நின்றது. அதற்கு பிரெஞ்சு மட்டுமே தெரிந்திருந்தது. அவள் எழுதிய முழுக் கடிதத்தில் பிப்பெட், பியூரெட், சொல்யூஷன் என்ற மூன்று சொற்களை மட்டும் அது ஒப்புக்கொண்டது. இதற்கு வருத்தப்பட வேண்டுமா, இத்தனையாவது தெரிகிறதே என்று சந்தோஷப்பட வேண்டுமா என்று அவளுக்குப் புரியவில்லை. மேலும் தேடியதில் விவரம் கிடைத்தது. அந்த மின்னஞ்சல் நிரலுக்குச் சொந்த அகராதி கிடையாது. அதன் வயதையே ஒத்த ஒரு தட்டச்சு நிரலிடமிருந்து கடன் வாங்கித்தான் பிழை பார்க்கும். கம்ப்யூட்டரோடு வந்த பழைய டிஸ்கிலிருந்து அதைப் போட வேண்டும். புதியதைப் போட்டால் பிரெஞ்சுதான் வரும். ஏன் பிரெஞ்சு என்று யாருக்கும் தெரியவில்லை.

பழைய டிஸ்க் எங்கே என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. ஈசானிய மூலையில், மடக்கைப் பட்டியலுக்கும் பில் புத்தகத்துக்கும் நடுவில், நீல உறை.

அவள் போய் எடுத்தாள். கம்ப்யூட்டரில் போட்டாள். உள்ளே ஏதோ சுற்றுகிற சத்தம் கேட்டது, நின்றது. தட்டைத் திறந்தபோது டிஸ்க் இல்லை. ஒரு சிட்டிகை குங்குமமும் கொஞ்சம் அட்சதையும் இருந்தன. மறுபடி எடுத்தாள், மறுபடி அதேதான். அலுவலகத்தில் இருந்த தூரிகையால் தட்டைச் சுத்தம் செய்தாள்.

"சும்மனே கஷ்டப்படாதேம்மா" என்றார் சந்திரம்மா, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தபடி. "பூஜையில வெச்ச சாமான் வெளிய தங்காது. ரவி சாவி கதெ தெரியாதா உனக்கு? ருக்மிணி வந்து எடுத்தாத்தான் உண்டு."

ருக்மிணியின் நம்பர் சந்திரம்மாவிடமே இருந்தது. அவரே அதைக் கொடுத்தார். கொடுக்கும்போது முழங்காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வித்யாவும் அப்போது அதை நினைக்கவில்லை. பேசக் கூச்சப்பட்டு வாட்ஸ்அப்பில் எழுதினாள். எழுத்துப்பிழைகளோடு போன அந்தச் செய்திக்கு ருக்மிணி உடனே பதில் போட்டார். வெள்ளிக்கிழமை காலை வருகிறேன், கற்பூரம் மட்டும் வாங்கி வை.

அதற்குள் புதன்கிழமை மொரீஷியஸ் மெயில் வந்து நின்றது. அங்கே ஒரு கல்லூரி தன் ஆய்வகம் முழுவதற்கும் பியூரெட் கேட்டிருந்தது. இந்த மெயிலில் பிழை வந்தால் ஒன்றாம் தேதியிலிருந்து எழுதுவதற்கு வேறு ஆள், வித்யா போனில் உட்கார்ந்து கல்லூரிகளைக் கூப்பிட வேண்டும் என்று ஹரிஷ்குமார் சொன்னார். வேலையை விட்டுப் போகச் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அவள் கடிதத்தை அடித்தாள், திருத்தினாள், மறுபடி அடித்தாள். சரியாக இருக்கிறதா என்று தெரியவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால் ஹால் டிக்கெட்டைச் சாமி படத்தின் காலடியில் வைத்தது நினைவுக்கு வந்தது. கடிதத்தை அச்செடுத்து, மூலைக்குள் போய், அடுக்கின் மேல் வைத்துக் கும்பிட்டாள். உள்ளே நின்றபோது அவளுக்கு எதையாவது படிக்க வேண்டும் என்று தாங்க முடியாத ஆசை வந்தது, பொரி கட்டிவந்த காகிதத்தையாவது. அந்த நாளில் படிக்கக் கூடாது என்பதால் எல்லாருக்கும் வருகிற ஆசைதான் அது. கண்ணை மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

டிபன் பாக்ஸ் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது, கடிதத்தின் மேல் அங்கங்கே மஞ்சள் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தது. கல்யாணப் பத்திரிகையில் நான்கு மூலையிலும் வைப்பார்களே, அப்படி. ஆனால் இது மூலைகளில் இல்லாமல் நடுநடுவே இருந்தது. வித்யாவுக்கு உடம்பு சிலிர்த்தது. அம்பாளே ஆசீர்வாதம் செய்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டு, கடிதத்தை அடித்தது அடித்தபடியே அனுப்பினாள்.

வியாழக்கிழமை ஹரிஷ்குமார் அதை அச்செடுத்து, சிவப்பு மையால் வட்டம் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இது என்னன்னு தெரியுதா?"

"மெயில் சார்."

"எனக்கு அம்மை போட்ட மாதிரி தெரியுது" என்றார். கல்லூரி இரண்டு சந்தேகம் கேட்டிருக்கிறது, நாளை மத்தியானத்துக்குள் பதில் போக வேண்டும், அதையும் இப்படி எழுதினால் போன்தான், மறுபேச்சில்லை என்றார்.

அவர் போன பிறகு வித்யா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வட்டங்கள் இருந்த இடங்களை எங்கேயோ பார்த்தாற்போல் இருந்தது. எழுந்து போய், மூலையின் எல்லையில் வெளியே நின்று, கழுத்தை நீட்டி, உள்ளே இருந்த தன் தாளைப் பார்த்தாள். ஹரிஷ்குமார் வட்டம் போட்ட ஒவ்வொரு சொல்லின் மேலும் குங்குமம் இருந்தது. அவர் வட்டம் போடாத ஒரு சொல்லின் மேலும் இருந்தது. அதைச் செல்போனில் தேடினாள். அதுவும் தப்பு.

நீல உறைக்குள் இருந்த அகராதி, தன் பக்கத்தில் வைத்த தாளைப் பார்த்துவிடுகிறது போலும். அங்கே எழுத முடியாது, பேனா ஓடாது. குங்குமம் இடலாம். இதற்கு மேல் அவளுக்கு யோசனை ஓடவில்லை. ஒரே ஒரு தாளை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது என்று அவளுடைய பேராசிரியர்கள் சொல்லியிருந்தார்கள். பிரெஞ்சு பட்டனும் முதலில் வேலை செய்கிற மாதிரிதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சீக்கிரமே வந்து, பதிலை அடித்து, அச்செடுத்து மூலையில் வைத்தாள். திரும்புவதற்குள் ருக்மிணி வந்துவிட்டார். மெட்ரோவில் கூட்டமே இல்லை என்றார். பட்டுப்புடவை கட்டியிருந்தார். வித்யாவைப் பார்த்து, "நீதானா? மெசேஜைப் பாத்து ஏதோ ஸ்கூல் பொண்ணுன்னு நெனச்சேன்" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், சுண்டலை ஒரு வாய் போட்டு, "உப்பு கம்மி. அன்னைக்கே எல்லாரும் சொன்னாங்க" என்று தானே சொல்லிக்கொண்டார். கண்ணாடி அலமாரியில் தெரிந்த தன் பிம்பத்தைப் பார்த்தார். மூலைக்குள் அவர் கல்யாணத்துக்கு முந்தைய ருக்மிணியாக இருந்தார், புடவை மட்டும் இப்போதையது. பிறகு கற்பூரத் தட்டை எடுத்தார்.

சந்திரம்மா உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, எழுந்திருக்கிறீங்களா? ஆரத்தி காட்டணும்" என்றார் ருக்மிணி.

"நீ காட்டு தாயி. நான் இன்னும் ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துக்கிறேன். அப்புறம் யாராச்சும் கை குடுங்க, எழுந்துக்கிறேன்."

ருக்மிணி மணியை எடுத்து ஆட்டினார், கற்பூரம் பிடித்துக்கொண்டது. தரையில் பத்து வருஷமாகக் கிடந்த வெயில் ஒரு விரற்கடை நகர்ந்தது. மாலையிலிருந்து ஒரு செவ்வந்தி இதழ் விழுந்தது. சுண்டல் பாத்திரத்தின் மேல் எழுந்துகொண்டிருந்த ஆவி மெலிந்தது. சந்திரம்மா வலது முழங்காலின் மேல் கையை வைத்துக்கொண்டார். வித்யா எல்லைக்கு வெளியே நின்றாள். இன்னும் ஒரு சுற்று முடிந்தால் டிஸ்க் டிஸ்காகிவிடும். கம்ப்யூட்டரில் போடலாம், பட்டன் அமுங்கும், உலகத்தில் எல்லாருக்கும் வேலை செய்வதுபோல் அவளுக்கும் வேலை செய்யும். அவள் காலையில் வைத்த தாளில் இதுவரை ஒரு புள்ளிகூட விழவில்லை. எது சரி என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிவதற்கு முன்னால் வாய் திறந்துவிட்டது.

"அக்கா, நிறுத்துங்க."

கீழே துணிக்கடையில் துணி அளந்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து மேலே பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். ருக்மிணியின் கை பாதியில் நின்றது.

"ஏம்மா, நீதானே வரச் சொன்னே?"

"ஆமாக்கா."

"அப்புறம் என்ன?"

"தெரியலக்கா."

ருக்மிணி அவளைப் பார்த்தார், சந்திரம்மாவைப் பார்த்தார். கற்பூரத்தை ஊதி அணைக்கக் கூடாது என்பதால் அது தானாக அணையும்வரை தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மணியைக் கீழே வைத்தார். வெயில் நகர்ந்த இடத்திலேயே நின்றுகொண்டது. அன்றிலிருந்து அந்த மூலையில் மணி பதினொன்று பத்து. "எங்க வீட்டுக்காரர் சுண்டல்னா உயிரை விடுவார், ஒரு டப்பா குடுங்க" என்று ருக்மிணி கேட்டு வாங்கிக்கொண்டு, பண்டிகைக்கு வருவதாகச் சொல்லிப் போனார். சந்திரம்மா தானே எழுந்து வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, "இவ்ளோ சத்தம் எங்கடி வெச்சிருந்தே?" என்று கேட்டார். வித்யா கழுத்தை நீட்டித் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளில் குங்குமம் விழுந்திருந்தது.

அவள் புள்ளி விழுந்த சொற்களையெல்லாம் திருத்தி, மறுபடி அச்செடுத்து வைத்து, புள்ளி விழாததைப் பார்த்த பிறகு அனுப்பினாள். மொரீஷியஸிலிருந்து ஆர்டர் வந்தது. "பாத்தீங்களா, ஸ்பெல்செக் போட்டா முடியற வேலை" என்றார் ஹரிஷ்குமார். வித்யா தலையாட்டினாள். ஒன்றாம் தேதி வந்தது, போனது. போனில் உட்கார வேறு ஆளைப் போட்டார்கள். வித்யா ஓய்ந்த நேரங்களில் பரிசோதித்தாள். விலைப் பட்டியலிலிருந்து பிழையில்லாமல் பார்த்து அடித்த தாளுக்குப் புள்ளி விழவில்லை. வேண்டுமென்றே பிழை வைத்த தாளுக்கு வைத்த இடங்களில் விழுந்தது. வெள்ளைத் தாளுக்கு ஒன்றும் விழவில்லை. தமிழில் எழுதி வைத்தாள், அதற்கும் ஒன்றும் விழவில்லை, தமிழில் பிழையில்லையா அகராதிக்குத் தமிழ் தெரியாதா என்பது முடிவாகவில்லை. தாள்கள் வெளியே தங்காது என்பதால் அடுக்கு உயர்ந்துகொண்டே போய், ஒரு வருஷத்தில் படத்தில் இருந்த அன்னப் பறவையை மறைத்து, அடுத்த வருஷம் வீணையைத் தொட்டது. சந்திரம்மா அடுக்கைச் சாய்ந்துவிடாமல் இரண்டாகப் பிரித்து வைத்தார்.

மூன்றாவது வருஷம் ஆனி மாதத்தில் ஒருநாள், மங்களூர் கல்லூரி ஒன்றுக்கு, பொருள்களை நேற்றே அனுப்பிவிட்டோம் என்று எழுதச் சொல்லியிருந்தார் ஹரிஷ்குமார். வித்யா அதை இங்கிலீஷில் எழுதி அச்செடுத்து வைத்தாள். நேற்று என்ற சொல்லின் மேல் குங்குமம் விழுந்தது. எழுத்து சரியாகத்தான் இருந்தது. செல்போனில் பார்த்தாள், சரி. வேறு தாளில் அச்செடுத்து வைத்தாள், அதே இடத்தில் விழுந்தது. நேற்றை எடுத்துவிட்டு முந்தாநாள் என்று போட்டாள். இந்தமுறை குங்குமம் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தாள். ரவிக்குமாரின் மேசைக்குப் பின்னால் மங்களூர்ப் பெட்டிகள் கயிறு கட்டியபடி இருந்தன, அவர் அவற்றின்மேல் தலைக்கவசத்தை வைத்திருந்தார். பொருள்கள் செவ்வாய்க்கிழமை புறப்படும் என்று மாற்றி வைத்தாள். புள்ளி விழவில்லை. அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் ஹரிஷ்குமார் மேசைக்கு வந்தார்.

"நேத்துன்னுதானே போடச் சொன்னேன்?"

"போட்டேன் சார். ஸ்பெல்செக் தப்புன்னு காட்டுது."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு, "காட்டுதுன்னா சரி" என்று சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமைக்கு வண்டி சொல்லச் சொல்லி ரவிக்குமாரிடம் போனார்.